நூற்றெண்பத்தாறு பேருக்குப் போன சஹன் பட்டியல்

புது மாப்பிள்ளை சும்மா இருந்தால் மாமனார் வீட்டில் யாருக்கும் ஒரு கெடுதியும் வராது. தனக்கும் ஒரு தொழில் தெரியும் என்று காட்ட அவன் நினைக்கிற நாளில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மருதமுனையில் என் மனைவி வீட்டில், பட்டப்பகலில், ஒரே பொத்தானை இரண்டு தரம் அழுத்தித் தெரிந்துகொண்டேன்.

நான் சாய்ந்தமருதுக்காரன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்ததும் உடுப்புப் பையையும் லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவந்தவன். அப்போது வந்து எட்டு மாதம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே செய்நிரல் எழுதுவது என் வேலை. மாமாவுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. மருமகன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "அவர் அறைக்குள்ள இரிக்கார்" என்று பதில் சொல்வார். (தொழிலைக் கேட்டால் இருப்பிடத்தைச் சொல்லும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.)

மாமா பல வருடம் வட்டவிதானையாக இருந்தவர். வயல் கண்டத்தில் வாய்க்கால் தண்ணீரை யாருக்கு எப்போது எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அது. அதனால் ஊரில் எல்லாரும் அவரை விதானையார் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் பொறுமைசாலி, யார் பக்கத்து வயல் வரம்பை வெட்டுவான், யாருக்கு யாரோடு கதை இல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த அறிவை அவர் இப்போது கலியாணச் சாப்பாட்டில் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் கலியாணங்களில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். மற்ற வீடுகளில் வந்த வரிசைக்கு உட்காருவார்கள். மாமா அதை ஒத்துக்கொள்ள மாட்டார். வேகமாகச் சாப்பிடுபவனையும் மெதுவாகச் சாப்பிடுபவனையும் ஒரே சஹனில் வைப்பது மேட்டு வயலையும் பள்ள வயலையும் ஒரே மடையில் விடுவது போல என்பது அவருடைய கொள்கை. என் கலியாணத்தில் அவர் பட்டியல் போடவில்லையாம். ஒரு சஹனில் நெஞ்செலும்புத் துண்டு ஒன்றுக்காக இரண்டு பேர் முறுகிக்கொண்டு, அன்றிலிருந்து ஒருவர் கடையில் மற்றவர் சாமான் வாங்கவில்லை. அந்தப் பிழை இனி நடக்கக்கூடாது என்று அவர் உறுதியாக இருந்தார்.

ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய இளைய மகள் நஸ்ஹாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை என் ஊர்தான். அவருடைய வாப்பா ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், கணக்குப் பாடம் படிப்பித்தவர், சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. சம்பந்தம் பேசி முடிய ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. நஸ்ஹாவுக்கு அந்த மாப்பிள்ளையை முதலே பிடித்திருந்தது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயால் சொன்னதில்லை.

மாமா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆண்கள் பட்டியலைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பெயர், போன் நம்பர், பிறகு குறிப்பு. எதையும் பார்த்துச் சொல்லவில்லை, எல்லாம் தலையிலிருந்தே வந்தது. "ஹனீபா காக்கா. பல் இல்ல. வேகக்காரரோட வைக்க வேணாம்." "மீரா லெப்பை. இறைச்சியக் கண்டாச் சலாம் மறப்பார்." "மேசன் காதர். கதைச்சிக் கதைச்சிச் சாப்பிடுவார். முன்னுக்கு இரிக்கிறவர் நனைவார்." "கடைக்கார உதுமான். இனிப்புக்கு வட்டிலப்பம் வாற வரைக்கும் எழும்ப மாட்டார், கடைசிப் பந்தியில வைக்கவும்." இப்படி நூற்றெண்பத்தாறு பேர். முதலாவது வரி சம்மந்திக்கு. அதைச் சொல்வதற்கு முன் மாமா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "சம்மந்தி. பெருமைக்காரர். நடுவில வெச்சாப் போதும். கதைக்கத் தேவல்ல."

எனக்குத் தமிழில் தட்டினால் கை ஓடாது என்பதால் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினேன். எந்தப் பழைய பட்டன் போனிலும் தெளிவாக வாசிக்கக்கூடிய எழுத்து அது. அந்த நேரம் அது எனக்குத் தோன்றவில்லை.

"இது உங்கட கண்ணுக்கும் என்ட கண்ணுக்கும் மட்டும்" என்றார் மாமா. "ஒரு தாள்ல எடுத்துத் தாங்க. மத்தது, சனிக்கிழம எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போடணும். நாளைக்கு மறக்காம வாங்க எண்டு."

அவ்வளவுதான் வேலை. ஒரு பிரிண்ட், ஒரு மெசேஜ். என் மனைவி ரிஸ்னா, பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள், அரை மணித்தியாலத்தில் முடித்துவிடலாமே என்றாள். நான் அவளை இரக்கத்தோடு பார்த்தேன். மாமா என்னிடம் கேட்ட முதல் உதவி இது. இதை அரை மணித்தியாலத்தில் முடித்தால் அறைக்குள் இருப்பவனுக்கு என்ன மரியாதை?

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொம்பியூட்டருக்குள் பணிசெயல் முறைமை என்று ஒன்று இருக்கிறது. அரசாங்க அலுவலகம் நடக்கிற கச்சேரி மாதிரி. பிரிண்டருக்கு ஒரு யன்னல், கோப்புக்கு ஒரு யன்னல், சிம் போட்டு மெசேஜ் அனுப்புகிற டொங்கிளுக்கு ஒரு யன்னல். ஒவ்வொரு யன்னலிலும் வேறு படிவம், வேறு முறை, வேறு மூஞ்சி. கச்சேரிக்கு வெளியே மரத்தடியில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து எல்லாப் படிவத்தையும் நிரப்பித் தருவாரே, அப்படி ஓர் ஆளை எழுதி வைப்பதுதான் பொருள்நோக்குச் செய்நிரலாக்கம். நீங்கள் அவரிடம் 'அனுப்பு' என்று மட்டும் சொன்னால் போதும். எந்த யன்னல், என்ன படிவம் என்பதெல்லாம் அவருக்குள் இருக்கும், உங்களுக்குத் தெரியத் தேவையில்லை.

நான் 'கருவி' என்று ஒரு தாய் வகுப்பு எழுதினேன். அதற்குப் பிரிண்டர் ஒரு பிள்ளை, டொங்கிள் ஒரு பிள்ளை. எங்கள் பக்கம் குடி தாய்வழி வருவது போல, தாயின் குணங்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே கட்டளை, 'அனுப்பு'. பிரிண்டர் அதைக் கேட்டால் வரியைத் தாளில் அடிக்கும். டொங்கிள் கேட்டால் அந்த வரியில் இருக்கிற நம்பருக்கே வரியை மெசேஜாக அனுப்பும். இரண்டு நாள் எழுதினேன். அழகில் மயங்கி நானே எழுந்து நின்று பார்த்தேன். (தனியாக இருந்ததால் கை தட்டவில்லை.)

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சேர்த்தேன், அதில்தான் எனக்கு உச்சகட்டப் பெருமை. ஒரு கருவி திறக்காவிட்டால் பணிசெயல் முறைமை ஒரு பிழை எண்ணைத் திருப்பித் தரும். அதைக் காட்டி யாரையும் ஏன் பயப்படுத்த வேண்டும்? என் ஒப்ஜெக்ட், அதாவது அந்த மரத்தடி ஆள், அந்தப் பிழையைத் தானே விழுங்கிவிட்டு, திறந்திருக்கிற அடுத்த கருவிக்கு வேலையைக் கொடுத்துவிடும். வேலை ஒருபோதும் நிற்காது.

இதை ரிஸ்னாவிடம் விளக்கினேன். அவள் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே கேட்டாள். "அப்ப பிரிண்டர் வேல செய்யாட்டி உங்களுக்கு ஆரு சொல்லுவா?"

"ஆரும் சொல்லத் தேவல்ல. அதுதான் இதில இரிக்கிற விசயம்" என்றேன்.

அவள் கொப்பியில் எதையோ சிவப்பால் வெட்டினாள்.

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து பொத்தானை அழுத்தினேன். அதே நேரம் மாமி குசினியில் கலியாண வேலைக்கு மசாலா அரைக்க கிரைண்டர் போடப் பார்த்திருக்கிறார். அந்த வயர் எட்டக்கூடிய ஒரே பிளக் பிரிண்டர் இருந்த பிளக். மாமி பிரிண்டரைக் கழற்றிவிட்டுக் கிரைண்டரைக் கொழுவினார். பணிசெயல் முறைமை பாவம், கடமை தவறாமல் 'பிரிண்டர் இல்லை' என்று என்னிடம் சொன்னது. என் ஒப்ஜெக்ட் அதன் வாயைப் பொத்தியது.

திரையில் வரிகள் ஒன்றொன்றாக மெதுவாக நகர்ந்தன. பழைய பிரிண்டர்தானே, மெதுவாகத்தான் அடிக்கும் என்று நினைத்தேன். டொங்கிளில் நீல லைட் மினுங்கியது. வடிவாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தபோது திரையில் '186 அனுப்பப்பட்டது, பிழை 0' என்று நின்றது. பிரிண்டர் தட்டில் ஒரு தாளும் இல்லை. பிழை பூச்சியம் என்கிறது, தாளைக் காணவில்லை. எந்தப் புத்தியுள்ளவனும் இந்த இடத்தில் யோசிப்பான். நான் திரும்ப ஒருக்கா அழுத்தினேன்.

அப்போது ஹோலில் மாமாவின் போன் அடித்தது. மாமா பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. "அலைக்குமுஸ்ஸலாம், ஹனீபா காக்கா... என்ன பல்லு?... ரெண்டு வருஷமா? எனக்கு எப்பிடித் தெரியும் நீங்க பல்லுக் கட்டின?... நான் எங்க அனுப்பின?"

போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. மீரா லெப்பை. அவர் சலாம் சொல்லிவிட்டு, நான் சலாம் சொல்லிவிட்டேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றாராம். மூன்றாவது மேசன் காதர். அவர் கதைத்துக்கொண்டே இருந்ததால் மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் நீல லைட்டைப் பார்த்தேன். டொங்கிளைப் பிடுங்கினேன். இரண்டாவது சுற்று எழுபத்து நாலில் நின்றது.

ஹோலுக்குப் போய் மாமாவுக்கு முன்னால் நின்று விசயத்தைச் சொன்னேன். ஒப்ஜெக்ட், வகுப்பு என்று எதுவும் சொல்லவில்லை. பட்டியல் தாளுக்குப் போகாமல் ஆட்களுக்கே போய்விட்டது என்றேன்.

"எல்லாருக்குமா?"

"ஓம் மாமா."

"சம்மந்திக்கும்?"

"ஓம் மாமா. ரெண்டு தரம்."

மாமா கதிரையில் உட்கார்ந்தார். ஏசினால் நன்றாக இருந்திருக்கும், அவர் ஏசவில்லை. குசினிக் கதவில் நஸ்ஹா நின்றாள். கையில் மருதாணிக் கூம்பு. சம்மந்திக்கு என்ன போனது என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் என்னை நேராகப் பார்த்து, "மச்சான், இது என்ட கலியாணம்" என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு நின்றது அந்த ஒரு நாள்தான். ஒரு வருடமாக இழுத்துக் கட்டிய சம்பந்தத்தை, மூன்று நாள் இருக்கும்போது, ஒரு நீல லைட்டை ரசித்து நான் அறுத்துவிட்டிருந்தேன்.

மாமா எழும்பிச் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "பைக்க எடுங்க. சம்மந்தி வீட்டுக்குப் போவம்."

மருதமுனையிலிருந்து கல்முனை தாண்டிச் சாய்ந்தமருதுக்கு அப்படியொரு தூரமில்லை. அன்றைக்கு அது மக்கத்துப் பயணம் போல நீண்டது. கல்முனைச் சந்தைக்குக் கிட்ட ட்ரபிக்கில் நின்றபோது கடைக்கார உதுமான் கடைக்குள் இருந்தே கையைக் காட்டி, வட்டிலப்பம் கட்டாயம் இருக்குமா என்று கேட்டார். மாமா ரோட்டைப் பார்த்தபடி ஓம் என்றார். பின்னால் இருந்து அவர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். அது கோபம் என்று நினைத்துக்கொண்டே பைக்கை ஓட்டினேன்.

அதிபர் எங்களை உட்காரச் சொன்னார். போன் மேசையில் கிடந்தது. யாரும் வாய் திறக்காததால் நான் திறந்தேன். பணிசெயல் முறைமை, கச்சேரி யன்னல், தாய் வகுப்பு என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவர் பிள்ளையின் வீட்டுக்கணக்கைப் பார்ப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"பிரிண்டர் இல்ல எண்டு கொம்பியூட்டருக்குத் தெரியுமா?"

"தெரியும் சேர்."

"அது சொன்னதா?"

"சொன்ன சேர். நான் எழுதினது அத மறைச்சிட்டு."

"அப்ப மெசின்ல பிழை இல்ல."

"இல்ல சேர்."

அப்போது மாமா சொன்னார். "புள்ளைலயும் பிழை இல்ல, சம்மந்தி. அவர் அனுப்பினது தெரியாம. அதச் சொன்னது என்ட வாய்." எட்டு மாதத்தில் அவர் என்னைப் பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல் தரம். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. ரோட்டில் என் தோளை இறுக்கிய கையில் இருந்தது கோபம் இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அதிபர் போனை எடுத்து வாசித்தார். "பெருமைக்காரர். நடுவில வெச்சாப் போதும். கதைக்கத் தேவல்ல." வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். "இது பொய்யா?"

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. மடை திறந்து தண்ணீர் பங்கிட்ட காலத்திலிருந்தே அது அவருக்குள்ள குறை. அவர் நிலத்தைப் பார்த்தார். கலியாணப் பேச்சு இத்தோடு முறிந்தது என்று நான் நினைத்தேன்.

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அதிபரின் மனைவி. "முப்பத்திரெண்டு வருஷமா நான் இந்த மனிசன அப்பிடித்தான் வெச்சிரிக்கன். நடுவில வெச்சிட்டுக் கதைக்காம இரிப்பன்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பவும் சிரித்தார். அதிபர் திரைச்சீலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவருடைய மீசை கொஞ்சம் அசைந்தது. அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

"உங்களுக்கு என்ன எழுதியிரிக்கி?" என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா வீட்டுக்காரர், பட்டியலில் அவர் பெயரே இல்லை. அதுதான் கணக்கில் பிழை என்றார் அதிபர். விதானையாருக்கும் ஒரு வரி எழுதி, அதே மெசினால், அதே நூற்றெண்பத்தாறு பேருக்கும் அனுப்ப வேண்டும், அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை தான் வந்து நடுவில் உட்காருவேன் என்றார். மாமா யோசித்து, "விதானை. எல்லாரோடயும் சந்தோசமாச் சாப்பிடுவார்" என்றார். அதிபர் தலையை ஆட்டினார். இது மற்ற வரிகளைப் போல இல்லை, திரும்பச் செய்யுங்கள் என்றார். மாமா மெதுவாகச் சொன்னார். "விதானை. தன்ட குறையத் தவிர மத்த எல்லார்ட குறையும் பாடம். ஆரோட வெச்சாலும் பொறுத்துக்கொள்ளவும்."

அதிபர் சரி போட்டுவிட்டார்.

அன்று மஃரிப் தொழுகைக்கு முன் அந்த வரி போனது. பொத்தானை அழுத்தியது ரிஸ்னா. நான் கதவுக்கு வெளியே நிற்கவைக்கப்பட்டேன். அவள் முதலில் என் பிழை விழுங்கும் வரியை அழித்துவிட்டு, பிரிண்டர் பிளக்கைத் தன் கையாலேயே கொழுவி, பிறகுதான் வேலையைத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் மாமாவின் போன் திரும்ப அடிக்கத் தொடங்கியது. இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர் பங்கிட்ட காலத்துக் கணக்கையெல்லாம் எடுத்துச் சொல்லி, அந்த வரி எவ்வளவு உண்மை என்று ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். நஸ்ஹா கதவைத் திறந்து வந்து மருதாணியைத் தொடர்ந்தாள். என்னோடு மட்டும் இரண்டு நாள் கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் இருந்த எல்லாரும் வந்தார்கள். பட்டியலில் இல்லாத சிலர் வந்து, எங்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் எழுதவில்லை, நாங்கள் என்ன ஆளில்லையா என்று குறைப்பட்டார்கள். ஹனீபா காக்கா புதுப் பல்லைக் காட்டி வேகக்காரர் சஹனில் இடம் கேட்டு வாங்கினார். காணிப் பிரச்சினையில் நாலு வருடமாகக் கதை இல்லாத, கூடப்பிறந்த ஒரு காக்காவும் தம்பியும் பட்டியலில் இருந்தார்கள். 'ஒரே சஹனில் வைக்க வேணாம்' என்ற வரி இருவருக்கும் போயிருந்தது. அவர்கள் சமாதானமானார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அது நடக்கவில்லை. இருவரும் சேர்ந்து வந்து என்னைப் பிடித்து ஏசினார்கள். நாலு வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது. அதிபர் நடு சஹனில் உட்கார்ந்தார். எதிரில் மாமா. சாப்பாடு முடியும்வரை அதிபர் வாய் மூடவில்லை, மாமா பொறுத்துக்கொண்டார்.

நஸ்ஹாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் எது வேலை செய்யாவிட்டாலும், தண்ணிப் பம்போ, காஸ் அடுப்போ, நேராக என் முகத்துக்கு முன்னால் வந்து நின்று சத்தமாக அறிவிப்பார்கள். "வேல செய்யல்ல. விழுங்கிராதீங்க." பிள்ளைகள் காய்ச்சல் வந்தாலும் இதையே சொல்கிறார்கள்.

சஹன் பட்டியல் இப்போது கொப்பியில், மாமாவின் கையெழுத்தில். போன மாதம் ஒரு கலியாணத்துக்கு அவர் எழுதிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை. என் பெயருக்கு நேரே ஒரு வரி இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டியலிலும் அந்த வரி மாறவில்லை என்று ரிஸ்னா பிறகு சொன்னாள்.

"மருமகன். மெசினுக்குக் கிட்ட வைக்க வேணாம். எனக்குக் கிட்ட வைக்கவும்."